அம்பத்தூரில் அல்லாஹ்வின் மேல் போட்ட பழி

பினாங்கிலிருந்து கப்பல் ஏறுகிறவர்கள் ஹஜ்ஜுக்குப் போவார்கள், பெண் பார்க்க நாகூர்ப் பக்கம் போவார்கள், கண் ஆபரேஷனுக்கு மதராஸ் போவார்கள். நான் அம்பத்தூருக்குப் போனேன். என் மளிகைக் கடைக்கு எதிரே முடிவெட்டும் சீனக் கிழவர் எங்கே பயணம் என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். அது எந்த நாட்டுக்குத் தலைநகரம் என்றார். திரும்பி வந்து விவரமாகச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கைத்தான் இங்கே நிறைவேற்றுகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது அவருடைய நல்ல காலம்.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை ஜுபைதாவின் கணவர் கமால், அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர். தகரத்தை உள்ளே வைத்தால் மேலிருந்து இடி மாதிரி இறங்கி ஒரே அடியில் டப்பா மூடியாக வெட்டித் தள்ளும் இயந்திரம். ஒருநாள் மூடியோடு சேர்த்துக் கமாலின் வலக்கை விரல்களில் நடு மூன்றையும் வெட்டிவிட்டது. கை உள்ளே போகாமல் தடுக்க அதன் முகத்தில் ஒரு கம்பி வலை இருக்க வேண்டும். அங்கே அதற்குக் கார்டு என்று பெயர். வலை இருந்தால் வேலை சுணங்குகிறது என்று சூப்பர்வைசர் அதைக் கழற்றச் சொல்லி மூலையில் சாத்தி வைத்திருந்தார். தொழிற்சாலை முழுக்க இது தெரியும். காயம் ஆறிய பிறகு கம்பெனியின் லேபர் ஆபீசர் விசாரணை நடத்துவார் என்றார்கள். கமாலின் கவனக்குறைவு என்று விசாரணை முடிந்தால் அவருக்கு வேலை போகும். வலை மூலையிலேயே கிடக்கும்.

கமாலோ வாயைத் திறக்கவில்லை. யார் என்ன கேட்டாலும், "என் நாட்டம் இல்ல, அல்லாஹ்வோட நாட்டம்" என்று ஒரே பதில். நாட்டம் என்று நாங்கள் சொல்வது இறைவனின் விருப்பத்தை, அவன் நாடியதை. மழை பெய்தாலும் அந்தச் சொல்தான், மாப்பிள்ளை வீட்டார் கைவிரித்தாலும் அந்தச் சொல்தான். இந்தச் சொல்லைப் பிறகு நிறையச் சந்திக்கப் போகிறோம், ஆகவே ஞாபகத்தில் இருக்கட்டும்.

நானா, அதாவது அண்ணன், வந்து பேசினால்தான் ஆகும் என்று ஜுபைதா சொல்லி அனுப்பினாள். பினாங்கில் வெள்ளைக்கார நீதிபதியிடம் நான் இங்கிலீஷில் வாதாடி ஜெயித்தவன் என்பது அவள் நம்பிக்கை. அந்தக் கதையை அவளுக்குச் சொன்னவனும் நான்தான். அது விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டிய கேஸ். நான் பேசிய இங்கிலீஷ் "யெஸ் சார்". ஜெயித்தது நீதிபதி.

மதராஸ் துறைமுகத்தில் இறங்கியபோதே என் வீரம் தெரிந்துவிட்டது. சுங்க அதிகாரி என் பெட்டியில் இருந்த தைலப் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கேட்பதற்கு முன்பே நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். என்ன குற்றம் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் புட்டியைத் திறந்து தன் நெற்றிப்பொட்டில் கொஞ்சம் தடவிக்கொண்டு, போ என்று கையசைத்தார்.

சென்ட்ரலில் கரி எஞ்சின் பாசஞ்சர் வண்டி. ஜன்னலோரம் உட்கார்ந்து, விசாரணையில் பேச வேண்டியதை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்தேன். எதிரே இருந்தவர் நான் ஓதுகிறேன் என்று நினைத்துத் தன் வெற்றிலைப் பெட்டியை மரியாதையாக மூடினார். ஒத்திகை நன்றாக வந்ததில் தூங்கிப்போனேன். விழித்தபோது அம்பத்தூர் பின்னால் போய்விட்டிருந்தது. ஆவடியில் இறக்கிவிட்டார்கள்.

ஆவடியில் கண்ட காட்சியை என்னால் மறக்க முடியாது. ஸ்டேஷனைத் தாண்டிப் பெட்டியும் கையுமாக நடந்தேன். சாலை வளைவில் தரை அதிர்ந்தது. புழுதிக்குள்ளிருந்து ஒரு பீரங்கிக் குழாய் நீட்டிக்கொண்டு வந்தது, அதன் பின்னால் வீடளவு டாங்கி வந்தது. யுத்தம் வந்துவிட்டது, நான் வெளிநாட்டவன், முதல் குண்டு எனக்குத்தான் என்று ஒரே நொடியில் தீர்மானித்தேன். சாகும் நேரத்தில் சொல்ல வேண்டிய கலிமாவைப் பாதி சொல்லிக்கொண்டே ஓரத்துப் பள்ளத்தில் குதித்தேன். பள்ளத்தில் ஏற்கெனவே ஓர் எருமை படுத்திருந்தது. அது என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கண்டிப்பு இருந்தது. டாங்கி போனபின் பள்ளிக்கூடப் பெண்கள் இருவர் சிரிப்பை அடக்கியபடி என் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஊரில் டாங்கி செய்கிறார்களாம், செய்ததை ஓட்டிப் பார்க்கிறார்களாம். எங்கள் பினாங்கில் மாட்டுவண்டி குறுக்கே வருவது போல இங்கே டாங்கி வருகிறது. யாரும் தலை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

பக்கத்து ஓட்டலில் செட் தோசையும் வடகறியும் வாங்கினேன். மீந்துபோன வடையைப் பிய்த்துக் குழம்பில் போட்டு ஊர் முழுவதையும் அடிமைப்படுத்தலாம் என்று கண்டுபிடித்தவனுக்கு என் சலாம். எங்கள் ஊர் ரொட்டிக்குத் தரும் பருப்புக் குழம்பை இதன் எதிரே வைத்தால் அது வெட்கத்தில் தண்ணீராகிவிடும். முன்பே அது தண்ணீர்தான். பிறகு டீ வந்தது. டம்ளரைத் தூக்கினேன். பாதி வாய்க்குப் போனது, பாதி கைலியில் இறங்கியது. கல்லாவில் இருந்தவர் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா பாய், கை இந்த ஆட்டம் ஆடுது? டான்ஸ் மாஸ்டரா?" என்றார். டாங்கி என்றேன். ஓட்டலே சிரித்தது. இந்தக் கை நடுக்கத்தையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை வீடு இருக்கும் பூந்தமல்லிக்குப் போகும் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் எப்போது என்று கேட்டதற்கு எல்லாரும், "வரும்" என்றார்கள். எந்த பஸ், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் கிடையாது. எங்கள் ஊரில் பஸ் வராவிட்டால் பேப்பருக்கு எழுதுவோம். இங்கே வராத பஸ்ஸை ஆண்டவனிடம் ஒப்படைத்துவிட்டு வேர்க்கடலை தின்கிறார்கள். நானும் தின்றேன். பஸ் வந்தது.

ஜுபைதாவின் வீடு பூந்தமல்லியில் பள்ளிவாசலை ஒட்டிய சந்தில். என்னைக் கண்டதும் அவள் அழவில்லை. "கைலியில என்ன நானா கறை? வரும்போதே யாருகிட்ட வாதாடினீங்க?" என்று கேட்டாள். கமால் சிரித்தபடி வலக்கையை நீட்டிச் சலாம் கொடுத்தார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் என் கையைப் பற்றின.

சாப்பாட்டில் உட்கார்ந்தபோது ஜுபைதா அவருக்கு ஸ்பூன் வைத்தாள். அவர் அதைத் தள்ளி வைத்தார். இரண்டு விரலுக்கு நடுவே சோற்றை அணைத்து உருட்டி, பாதி சிந்தி, பாதி தின்றார். அவசரமே இல்லை. தொழுகையில் உட்கார்ந்து இறைவன் ஒருவனே என்று சாட்சி சொல்லும்போது உயர்த்துவோமே, அந்தக் கலிமா விரலும் போனவற்றில் ஒன்று. அது மட்டும் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது மச்சான் என்றார். வேறு புகார் இல்லை.

மறுநாள் காலை நான் வாதத்தை ஆரம்பித்தேன். கடைக்காரன் பாணியில்தான் எனக்கு வரும். கடையைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு போன முதலாளி, சாயங்காலம் வந்து ஏன் வியாபாரம் நடக்கவில்லை என்று வேலையாளைக் கேட்பானா? நான்கூடக் கேட்க மாட்டேன், நான் நல்ல முதலாளி என்று எவனும் சொன்னதில்லை. மனிதர் செய்வதையெல்லாம் அவனே செய்துவிட்டு மறுமையில் நம்மை நிறுத்திக் கேள்வி கேட்டால் அது நீதியா? நீதி என்பது அவனுடைய திருநாமங்களில் ஒன்று இல்லையா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ பிரசங்கத்தின் கடைசியிலும், நீதி செய்யுங்கள் என்று அல்லாஹ் ஏவுகிறான் என ஓதுகிறார்களே, கை கட்டப்பட்டவனைப் பார்த்தா ஏவுவான்?

என் பேச்சில் நானே மயங்கி நின்றேன். கமால் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மச்சான், நல்லதும் கெட்டதும் அவன் விதிச்சதுன்னு நம்புறது ஈமான். அது ஒரு பக்கம். இன்னொண்ணு சொல்றேன். இப்படிப் பண்ணியிருந்தா அப்படி ஆகியிருக்காதேன்னு ஒரு தடவை நெனச்சேன்னு வைங்க, அன்னிக்கு ராத்திரி பூரா அந்த மிஷின் என் தலைக்குள்ள ஓடும். அல்லாஹ் நாடினான்னு சொன்னா நின்னுடுது. அதையும் புடுங்கிட்டா நான் எதை வச்சுத் தூங்குறது?"

வெளியே வந்து நேராகப் பள்ளிவாசலுக்குப் போனேன். எனக்கு வேண்டியது ஆதாரமும் அரபிச் சொல்லும் கலந்த ஒரு வாக்கியம். அதை மனப்பாடம் செய்து ஆபீசர் முன்னால் கொட்டிவிட்டு அடுத்த கப்பலைப் பிடிப்பதுதான் என் திட்டம். அங்கே தொழுகை நடத்தும் ஹஜ்ரத் என்னைவிட இளையவர். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் குழாயடியில் கையைச் சுருட்டிவிட்டு ஒழுகும் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். விதி அவனுடையது, செயல் அடியானுடையது, இரண்டும் உண்மை, இரண்டும் எப்படிச் சேர்கின்றன என்பதில் மார்க்கம் கற்ற பெரிய பெரிய ஆலிம்களே ஆயிரம் வருஷமாகத் திணறியிருக்கிறார்கள் என்றார்.

"விசாரணை வியாழக்கிழமை, ஹஜ்ரத்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் குழாய் ஒழுகுவதும் அவன் நாட்டம்தானே என்று விடாமல் கேட்டேன். இருக்கலாம், வாஷர் வாங்கி வர ஆள் அனுப்பியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குழாயைத் தொடர்ந்தார். மனப்பாடம் செய்ய அதில் எதுவும் இல்லை. ஏமாந்து திரும்பினேன்.

அடுத்த நாள் கமாலும் நானும் வெள்ளானூருக்குப் போனோம். ஆவடிக்கு அப்பால் வயலும் ஏரிக்கரையுமாக இருக்கும் ஊர். கமாலோடு வேலை செய்யும் ஏழுமலையின் வீடு அங்கே. அவனுடைய அப்பா வரை எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்தத் தெருவில் முதன்முதலாகத் தொழிற்சாலைக்குச் சைக்கிள் மிதித்தவன் ஏழுமலை. டாங்கிச் சாலையைக் கடக்கும்போது நான் எருமையைத் தேடினேன். காணவில்லை.

ஏழுமலைக்குப் பெரிய சங்கடம். கோழி அடித்துப் போடலாம் என்றால் நீங்கள் ஓதி அறுக்க வேண்டும். உங்களைப் பார்த்தால் கத்தி பிடிக்கிற ஆளாகத் தெரியவில்லை என்றான். சரியாகக் கண்டுபிடித்தான். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் கேழ்வரகுக் களியும் வந்தன. பினாங்கில் நெத்திலியை எண்ணெயில் பொரித்து வேர்க்கடலையோடு தருவார்கள். அது கொறிக்க. இது வியர்க்க வியர்க்கச் சாப்பிட.

சாப்பிட்டுக் கொண்டிருந்தபோதுதான் ஏழுமலை அந்தக் குண்டைப் போட்டான். லேபர் ஆபீசர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், கமால் பாய் தானாகவே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று.

"நான் எதை ஒப்புக்கிட்டேன்?" என்றார் கமால்.

"உனுக்கு வேலைல நாட்டம் இல்லன்னு நீயே சொன்னியாமே மாமே. ஆஸ்பத்திரில கேட்டப்போ. என் நாட்டம் இல்ல, என் நாட்டம் இல்லன்னு ரெண்டு வாட்டி சொன்னாராம், அதான் கை உள்ள பூட்ச்சுன்னு ஆபீசரு சொல்லிகினு கீறாரு."

நான் களியைத் தட்டில் வைத்தேன். எங்கள் பேச்சில் இறைவனின் விருப்பத்துக்கு இருக்கும் சொல், மற்ற தமிழர்களிடம் ஒரு காரியத்தில் வைக்கும் மனசுக்கு, கவனத்துக்கு இருக்கிறது. கமால் ஈமானைச் சொன்னார். ஆபீசர் காதில் அது அலட்சியமாக விழுந்திருக்கிறது. படுத்த படுக்கையில் மனுஷன் தன் ரப்பிடம், இறைவனிடம், பணிந்து சொன்ன வார்த்தையே அவரை வேலையிலிருந்து தள்ளப் போகிறது.

கமால் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலை இன்னொரு உருண்டைக் களியை அவர் தட்டில் தள்ளினான். இப்போது அந்த மிஷினில் யார் உட்காருகிறார்கள் என்று நான்தான் கேட்டேன். ஏழுமலை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். வலை இன்னும் மூலையில்தான் இருக்கிறதாம், அதன் மேல் யாரோ துண்டு காயப் போடுகிறார்களாம்.

"மாமே, உங்க ஆண்டவன் நாட்டத்த நீ சொல்லிகினு கீறே. எங்க ஆண்டவன் என் விசயத்துல இன்னா முடிவு பண்ணிகீறாருன்னு எனுக்குத் தெர்ல. நீ அந்த வலைய மாட்டச் சொல்லேன், ரெண்டு ஆண்டவனுக்கும் வேலை மிச்சம்."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் மனைவி சிரிக்கவில்லை, உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜுபைதாவிடம் நான் எல்லாவற்றையும் கொட்டினேன், சொல் குழம்பிய கதை, ஏழுமலை உட்கார்ந்திருக்கும் மிஷின், துண்டு உட்பட. அவள் மாலை அஸர் தொழுகைக்குப் போகும் முன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் போல உவமை தேடவில்லை. கணவரைப் பார்த்துக் கேட்டாள்:

"உங்க விரல் போனது விதின்னு வச்சுக்குங்க, அதை நான் புடுங்க மாட்டேன். நடந்து முடிஞ்சுது, அவன் நாடினான், சரி. ஏழுமலை கை இன்னும் போகலியே. போகாத கைக்கு இப்பவே எப்படி விதின்னு சொல்லுவீங்க? நடந்ததுக்குத்தாங்க அந்தப் பேரு. நடக்காததுக்குப் பேரு வேலை. எந்திரிச்சுப் போய்ச் செய்ய வேண்டியது."

கமால் சிதறிய வெங்காயத் தோலை இரண்டு விரலால் பொறுக்கிச் சேர்த்தார். பிறகு, "அப்ப நான் அல்லாஹ் மேல பழி போட்டுட்டேனா?" என்று மட்டும் கேட்டார். அவளைக் கேட்டாரா, என்னைக் கேட்டாரா தெரியவில்லை. பாங்கு சொன்னதும் எழுந்து போய்விட்டார். பேசுவேன் என்று அவர் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பஸ் எங்களை வேலப்பன்சாவடி வரை கொண்டுவந்து கைவிட்டது. புகை வந்தது, டிரைவர் இறங்கிப் போய் மரத்தடியில் உட்கார்ந்தார். நான் சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன். போகாவிட்டால் அவர்களாகவே முடித்துவிடுவார்கள் என்று ஒரு பயம். போகாமலே முடிந்துவிட்டால் நான் பேச வேண்டியதில்லை என்று ஓர் ஆசை. ஆசை கொஞ்சம் பெரியது. பஸ் நின்றது இறைவன் நாட்டம், திரும்பிவிடலாமா என்று சொல்லக்கூட வாயெடுத்தேன். அதற்குள் கமால் நடுச்சாலையில் போய் நின்று, விரலில்லாத கையைத் தூக்கி ஒரு கீரை லாரியை நிறுத்திவிட்டார். அம்பத்தூர் வரை அரைக்கீரைக் கட்டுகளின் மேல் படுத்துப் போனோம். தொழிற்சாலை வாசலில் இறங்கியபோது என் தொப்பியில் ஒரு கொத்து முளைத்திருந்தது. வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது.

லேபர் ஆபீசர் நல்ல மாதிரி. இதுதான் என்னை அதிகமாகக் கலக்கியது. கத்துகிறவராக இருந்தால் பயப்படுவதற்கு வசதியாக இருக்கும். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைப் பேண்ட். எங்களை உட்காரச் சொன்னார், கேன்டீனிலிருந்து டீ வரவழைத்தார். சூப்பர்வைசர் ஓரமாக உட்கார்ந்து மேல்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஏழுமலையும் இன்னும் சிலரும் வேறு ஏதோ வேலை இருப்பது போல நின்றார்கள்.

வேலையில் நாட்டம் இல்லை என்று கமாலே சொல்லிவிட்டதால் விசாரிக்க அதிகமில்லை என்றார் ஆபீசர். நான் எழுந்தேன். கையில் டீ டம்ளரும் எழுந்தது. எங்கள் பேச்சில் நாட்டம் என்றால் கவனம் இல்லை, அல்லாஹ்வின் விருப்பம் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். இவ்வளவும் தமிழில்தான். ஒத்திகை பார்த்த இங்கிலீஷ் கீரைக் கட்டிலேயே இறங்கிவிட்டது.

ஆபீசருக்கு முகம் மலர்ந்தது. அப்படியானால் இன்னும் நல்லதாயிற்று என்றார். அல்லாவின் விருப்பத்துக்குக் கம்பெனி என்ன செய்யும்? பிறகு இஸ்லாத்தில் விதியைப் பற்றி அவர் எங்களுக்கு விளக்கினார். இலை அசைவதும் அவன் செயல் என்றார். பணிதல்தான் உங்கள் மார்க்கத்தின் சாரம் என்றார். எங்கள் ஹஜ்ரத்கூட இவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள், இரண்டு வழியாகவும் கம்பெனி வெளியே போய்விட்டது. அல்லாஹ்வுக்குப் பொறுப்பு உண்டு, கமாலுக்குப் பொறுப்பு உண்டு. வலையைக் கழற்றச் சொன்னவருக்கு மட்டும் மேல்கூரை.

"நீங்க வெளிநாடெல்லாம் பார்த்தவர், நீங்களே சொல்லுங்க" என்று ஆபீசர் நாற்காலியை என் வலப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க மார்க்கப்படி நடக்கிறதெல்லாம் அவன் செயல்தானே?"

பினாங்கு நீதிபதி, சுங்க அதிகாரி, டாங்கி, எருமை எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. கமாலைப் பார்த்தேன். தலை குனிந்திருந்தார். அடுத்த கணம் என் டம்ளரில் இருந்த டீ முழுவதும் ஆபீசரின் வெள்ளைப் பேண்டில் இருந்தது.

அவர் துள்ளி எழுந்தார். நல்லவேளையாக டீ ஆறியிருந்தது, ஆபீசர்தான் சூடானார். "யோவ், கண்ணு எங்க இருக்கு? டம்ளர ஒழுங்காப் புடிக்கத் தெரியாது?"

என் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது. "அல்லாஹ்வின் நாட்டம், சார்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ இருமினார்கள்.

"திமிரா? ஊத்தினது நீ. அல்லாவ எதுக்கு இழுக்கிற?"

அப்போது கமால் தலையை நிமிர்த்தினார். அவர் குரல் உயரவே இல்லை.

"சார், உங்க பேண்டுக்கு ஆளு உண்டுன்னா என் கைக்கும் ஆளு உண்டு."

கமால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வெரல் போனதை நான் என் ரப்புகிட்ட பேசிக்கிறேன், அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. கார்டைக் கழட்டச் சொன்னது அவன் இல்ல. அவன் நீதிய ஏவுறவன், அநியாயத்த ஏவ மாட்டான். இவ்வளவு நாளு பேசாம இருந்து அவன் மேல பழியப் போட்டுட்டேன், அத இப்ப எடுத்துடறேன். கழட்டச் சொன்னது இவரு. வேணாம் சார், கை போயிடும்னு சொன்னேன். போனா வேற ஆளு வருவான்னாரு."

வலக்கையை நீட்டிச் சூப்பர்வைசரைக் காட்டினார். காட்டுவதற்குச் சுட்டுவிரல் இல்லை. சுண்டுவிரல் ஓரத்தில் விறைத்து நின்றது, நடுவில் இருந்த வெற்றிடம் நேராக அந்த ஆளின் முகத்தைப் பார்த்தது. கலிமா விரல் இல்லாத கை சாட்சி சொல்வதை அன்றுதான் பார்த்தேன். சூப்பர்வைசர் மேல்கூரையிலிருந்து இறங்கி வந்தார். கமால் அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பி, யாராவது இல்லை என்று சொல்லுங்கள் என்றார்.

"அவுரு சொல்றது நெசம் சார்" என்றான் ஏழுமலை. "நானும் இருந்தேன்." அவன் சொன்னதும் இன்னும் இரண்டு தலைகள் ஜன்னலில் முளைத்தன. நானும் இருந்தேன், நானும் இருந்தேன் என்று குரல்கள் வந்தன. ஆபீசர் ஈரப் பேண்டோடு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லுங்கள் பாய் என்றார். இந்தத் தடவை நடுவில் மதம் பேசவில்லை. புரியாத சொல் வந்தபோதெல்லாம் நிறுத்திப் பொருள் கேட்டார். அந்த மட்டுக்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். கமாலுக்கு வேலை போகவில்லை, ஸ்டோருக்கு மாற்றினார்கள். சூப்பர்வைசருக்கும் வேலை போகவில்லை, அடுத்த ஷெட்டுக்கு மாற்றினார்கள். நீதி என்று இதற்குப் பெயர் வைக்க எனக்கு மனசில்லை. அவர்களால் ஆனது அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம், மிச்சத்துக்கு மறுமையில் ஒரு நாள் இருக்கிறது, அன்றைக்கு மேல்கூரை இருக்காது. ஆனால் வலையை மாட்டிவிட்டார்கள். மறுநாள் ஏழுமலை ஒரு துண்டோடு பூந்தமல்லிக்கு வந்தான். வலையின் மேல் காய்ந்துகொண்டிருந்த துண்டாம், உடையவன் யாரென்று தெரியவில்லையாம், கமாலுக்கு ஞாபகமாக இருக்கட்டும் என்று கொடுத்தான். ஜுபைதா அதை வாங்கி அடுப்படியில் சட்டி இறக்க வைத்துக்கொண்டாள்.

மிஷின் ராத்திரியில் இன்னும் தலைக்குள் ஓடுகிறதா என்று கப்பலுக்குக் கிளம்பும்போது கமாலைக் கேட்டேன். ஓடுகிறது, ஆனால் இப்போது வலை மாட்டியிருக்கிறது என்றார்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். மச்சான், அந்த டீ, கை நடுங்கிக் கொட்டினதா, நீங்களாகக் கொட்டினதா?

ஜுபைதாவுக்குச் சந்தேகமே இல்லை, நானா பயந்து கொட்டிவிட்டார் என்கிறாள். ஏழுமலையும் அதையே சொல்கிறான், ஆவடி ஓட்டல்காரர் சாட்சிக்கு வருவார் போலிருக்கிறது. பினாங்கில் சீனக் கிழவருக்குச் மலாயில் சொல்லி நடித்துக் காட்டியபோது அவரும் என் கையைத்தான் சுட்டிக் காட்டிச் சிரித்தார். ஊரே சேர்ந்து என்னை நிரபராதி ஆக்கப் பார்க்கிறது.

நான் சம்மதிக்க மாட்டேன். கை நடுங்கியது உண்மை. அது பிறந்ததிலிருந்து நடுங்குகிறது, அதைப் படைத்தவனிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் நடுங்குகிற கை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அன்றைக்கு ஓர் இமைப்பொழுது என்னிடம் இருந்தது. இடப்பக்கம் என் கைலி, வலப்பக்கம் அந்த வெள்ளைப் பேண்ட். நான் வலப்பக்கம் சாய்த்தேன். மறுமையில் இதைப் பற்றிக் கேள்வி வந்தால் நடுக்கத்தின் மேல் பழி போட மாட்டேன், அவன் மேலும் போட மாட்டேன். அந்தக் கை நடுங்க நடுங்க முன்னால் வந்து நின்று சொல்வேன்: நான்தான் ஊற்றினேன்.